அப்பாவின் உப்புக்கல்

கானி ஷீன்,
மார்ச் 24

அன்புத் தங்கை குலிசாருக்கு,

உனக்கு நீண்ட ஆயுளும் குறையாத ரொட்டியும் கிடைக்கட்டும். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இந்தக் குளிருக்குப் பிறகு அதுவே பெரிய செய்தி. உன் அண்ணிக்கு முட்டிவலி. மற்றபடி சுகம். நீ தஹோக் நகரத்தில் ஹீட்டர் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாய், உன் சுகத்தைக் கேட்கவே வேண்டாம்.

நவ்ரோஸ் புத்தாண்டுக்கு நீ வரவில்லை. மலை மேல் வழக்கம்போலத் தீ மூட்டினோம். பனிச்சரிவு நம் மந்தையில் பாதியை விழுங்கியதை வைத்து ஊரே என்னைக் கிண்டல் செய்தது. "தஹ்சீன், உன் மந்தைய ஒரு கம்பளிக்குள்ள சுருட்டி தோள்ல போட்டுட்டுப் போயிடலாம்டா" என்றான் ஒருவன். நானும் சிரித்து வைத்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. குட்டிகள் இருமுகின்றன. கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. வாய்க்குள் புண், பிறகு கழிச்சல், பிறகு எழுந்திருப்பதில்லை. அதைவிட மோசம்: அப்பா ஆடுகளுக்கு உப்பு வைத்துவந்த உப்புக்கல்லுக்குக் கீழே இரண்டு வரையாடுகள் செத்துக் கிடந்தன. ஒன்று ஓடையில் மூக்கை வைத்தபடியே. நம் பள்ளத்தாக்கில் வரையாட்டை யாரும் சுடுவதில்லை. ஊரே பட்டினி கிடந்த வருடத்திலும் சுட்டதில்லை. யார் கண் பட்டதோ.

காட்டு மிருகத்துக்கும் வீட்டு மிருகத்துக்கும் நடுவில் நோய் எப்படித் தாவுகிறது என்று ஆராய்வதாகச் சொன்னாயே. இதோ, உன் வீட்டு வாசலிலேயே தாவிக்கொண்டிருக்கிறது. பக்ரின் மினிபஸ்ஸில் மருந்து அனுப்பு.

உன் அண்ணன்,
தஹ்சீன்

(எழுதியது ஷிலேர்)


தஹோக்,
ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கைக்கு வலிமை குறையாதிருக்கட்டும். அண்ணியின் முட்டிக்குத் தைலம் வைத்திருக்கிறேன். ஆட்டுக்கு மருந்து வைக்கவில்லை. என்ன நோய் என்று தெரியாமல் அனுப்ப முடியாது. எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அதை இப்போது எழுதவில்லை.

ஐஸ் பெட்டியில் பஞ்சுக்குச்சிகள் இருக்கின்றன. இருமும் ஆடுகளின் கண்ணிலும் மூக்கிலும் தடவி, குழாயில் போட்டு, கட்டி, பக்ரிடம் கொடு. வரையாடு இன்னொன்று செத்தால் அதற்கும் அப்படியே. கண்ணிவெடி இருப்பதைக் காட்டும் சிவப்புக் கற்களுக்கு அந்தப் பக்கம் கிடந்தால் விட்டுவிடு. நோயைக் கண்டுபிடிக்க நீ கால் இழக்க வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி. இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்: குளிருக்குப் பிறகு நம் மந்தையில் வெளி ஆடு ஏதாவது சேர்ந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் நினைக்கும் நோய் இதுதான் என்றால், வந்த மந்தைக்கு மருந்து கிடையாது. வராத மந்தைக்குத் தடுப்பூசி போடலாம். எங்களிடம் இருப்பது ஒரு பள்ளத்தாக்குக்குத்தான் போதும். எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பள்ளத்தாக்கு என்று முடிவு செய்ய முடியும். தவறான இடத்தில் போட்டால் மற்ற எல்லா ஊரின் ஆடுகளும் போகும்.

உன் கடிதத்தை எழுதுவதும் என் கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் நம் கடைக்குட்டித் தங்கை ஷிலேர்தான் என்று எனக்குத் தெரியும். ஷிலேர், இதை அண்ணனுக்கு உரக்கப் படி. ஒரு வரியும் விடாதே. அடுத்த முறை உன்னுடைய வரி ஒன்றும் வேண்டும். செப்டம்பரில் உன்னை இங்கே பள்ளிக்கு அனுப்புவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறான். மறந்திருக்க மாட்டான்.

உங்கள் எல்லோர் கண்ணிலும் முத்தம்,
குலிசார்


கானி ஷீன்,
ஏப்ரல் 9

அன்புத் தங்கை குலிசாருக்கு,

உன் வேலை சிறக்கட்டும். தைலம் வந்தது. அண்ணி உனக்காக துவா செய்தாள்.

குச்சி தடவும் வேலை முடிந்தது. பெரிய கிடா என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "டாக்டரம்மாவோட அண்ணன் ஆட்டுக்குக் கண்ணுல சுர்மா மை தீட்றான் பாருங்கடா" என்று கத்தினார்கள். செத்த வரையாடு ஒன்றிலும் எடுத்தேன். கண் திறந்தே இருந்தது. அதைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: வெளி ஆடு எதுவும் சேரவில்லை. இந்தக் குளிருக்குப் பிறகு யார் யாருக்கு ஆடு கொடுப்பார்?

என்னால் முடிந்த வைத்தியத்தை நான் செய்கிறேன். நோயாடுகளைத் தினமும் அப்பாவின் கல்லுக்கு ஓட்டிப்போய் உப்பு நக்க விடுகிறேன். அப்பா வியாழன்தோறும் மலை மேலே இருப்பவற்றுக்கும் ஒரு பிடி வைப்பாரே, நான் தினமும் வைக்கிறேன். இரண்டு பிடி. அவர் பெயரால் வைத்த உப்பு வீண் போகாது. பொழுது சாய்ந்ததும் வரையாடுகள் இறங்கி வந்து மிச்சத்தை நக்கிவிட்டுப் போகின்றன. பார்க்கவே மனசு ஆறுகிறது.

ஷிலேர் நலம். வீட்டில் நெய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பள்ளியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உன் அண்ணன்,
தஹ்சீன்

(எழுதியது ஷிலேர்)


தஹோக்,
ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நின்ற நிலையில் பார்க்கக் கூடாது. உட்கார்ந்து கேள்.

ஆட்டுக்கொல்லி நோய். உன் ஆட்டின் சளியில் இருப்பதும் வரையாட்டின் சளியில் இருப்பதும் ஒரே கிருமி. மலையிலிருந்து உன் மந்தைக்கு இறங்கவில்லை. உன் மந்தையிலிருந்து மலைக்கு ஏறியிருக்கிறது. ஏறிய படி, அப்பாவின் கல்.

அண்ணா, நோயாட்டின் எச்சில் ஈரம் காய்வதற்குள் வரையாடு அதே கல்லில் நாக்கை வைக்கிறது. நீ இரண்டு பிடி உப்பு வைத்து அவற்றைக் கூப்பிடுகிறாய். இன்றே கல்லைக் கவிழ்த்துவிடு. கூசாதே. அப்பா இருந்தால் அவரே கவிழ்த்திருப்பார்.

இங்கே நடப்பதையும் சொல்கிறேன். எங்கள் கால்நடைத் துறை இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஆளுங்க ஆட்ட மலையேத்தாம இருந்தா வரையாடு செத்திருக்குமா, டாக்டர்?" என்றார். "சார், அங்க ஆளுங்க காவல் இருந்ததாலதான் வரையாடே மிச்சமிருக்கு. மத்த மலைல எல்லாம் உங்க விருந்தாளிங்க சுட்டுத் தின்னாச்சு" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. செத்த வரையாட்டைப் படமெடுக்க மூன்று வண்டியில் ஆட்கள் வந்தார்கள். தடுப்பூசியை ஏற்றிப்போக ஒரு வண்டி கேட்டால் டீசல் இல்லையாம். என் அறிக்கை இல்லாமலே மேல் மேய்ச்சலை நிரந்தரமாக மூடிவிட அவர்கள் தயார். நோய் எங்கிருந்து வந்தது என்று நான் காட்டினால், ஒரு கோடைக்கு மட்டும் மூட வைக்கலாம்.

ஆகவே மறுபடி கேட்கிறேன். நீ அனுப்பிய குழாய்களைக் கட்டியிருந்த நூல் வெள்ளை. பட்டுப்போன்ற மெரஸ் ஆட்டு மயிர், புதிதாகத் திரித்தது. நம் ஆடுகள் கறுப்பு. நம் பள்ளத்தாக்கிலேயே மெரஸ் ஆடு கிடையாது. அந்த மயிர் யார் ஆட்டின் முதுகிலிருந்து வந்தது?

உடனே பதில் போடு.

குலிசார்


தஹோக்,
ஏப்ரல் 30

அண்ணா,

நலமா? பக்ர் இரண்டு முறை வந்தான், கை வீசிக்கொண்டு. "வீட்டுல குடுக்கலைங்கக்கா" என்கிறான். முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்.

ஓடைக்கரையில் வரையாடுகள் குவிந்து கிடப்பதாக எல்லைக் காவலர்கள் சொல்கிறார்கள். தடுப்பூசி இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது. கிழக்கே, ஆடு வாங்கி விற்கும் ஜெர்கிஸ் மாமாவின் பள்ளத்தாக்கா, மேற்கே மலைக்கு அந்தப் பக்கமா? உன் ஒரு வார்த்தைக்காக இரண்டு பள்ளத்தாக்கு காத்திருக்கிறது.

இன்னொன்றும் என்னை அரிக்கிறது. அந்த நூலைப் பற்றி நான் எழுதியிருக்கக் கூடாது. அதைக் கட்டியவளே அதை உனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். அவள் மேல் கை வைத்தாயா?

குலிசார்


கானி ஷீன்,
மே 6

குலிசாருக்கு,

சலாம். (அக்கா, இது பக்ர். உங்கள் அண்ணன் சொல்லச் சொல்ல வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் வரும் வசவுகளை விட்டுவிடுகிறேன். எனக்கும் தாய் தங்கை உண்டு.)

நான் யார் மேலும் கை வைக்கவில்லை. பேனாவை மட்டும் பிடுங்கினேன். அந்தப் பெண் என் வீட்டில் என் ரொட்டியைத் தின்றுகொண்டு நூலால் கோள் சொல்கிறாள். படித்ததன் லட்சணம் இதுதான், உன்னைப் போல.

அப்பாவின் உப்பை விஷம் என்கிறாய். கிழவர்கள் முன்னால் நான் அதை எந்த வாயால் சொல்வேன்? கல் அப்படியேதான் இருக்கிறது.

ஆமாம், ஆடு வந்தது. மார்ச் தொடக்கத்தில். வெள்ளை மெரஸ் ஆடுகள், ஜெர்கிஸ் மாமா கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியாத முறையில் கொடுத்தார். பாதி மந்தை பனிக்குள் கிடக்கும்போது நீ தஹோக்கிலிருந்து எனக்கு என்ன அனுப்பினாய்? குச்சியும் பஞ்சும். இதற்கு மேல் கேட்காதே.

தஹ்சீன்

(அக்கா, அவர் தொழுகைக்குப் போய்விட்டார். இது என் பங்கு. ஷிலேர் நிச்சயத்துக்கு நீங்கள் வராதது எங்கள் எல்லோருக்கும் குறைதான். பெண்ணுக்குப் பால்விலையாகக் கொடுத்த ஆடுகள் ஊருக்குள் வந்தபோது பார்க்க வேண்டுமே, மணப்பெண் மாதிரி வெள்ளை வெளேரென்று! மாப்பிள்ளைப் பையன் ஜெர்கிஸ் மாமாவின் கடைசி மகன், நல்லவன், டிராக்டர் ஓட்டுவான். உங்கள் பங்கு மிட்டாயை வண்டியின் முன் பெட்டியில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் உருகிவிட்டது.)


தஹோக்,
மே 10

அண்ணா,

நலம் கேட்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயது. "வெளி ஆடு எதுவும் சேரவில்லை" என்று அவள் கையாலேயே எழுத வைத்தாய். தன் விலையாக வந்த ஆட்டை, வரவில்லை என்று அவளே எழுதினாள். நான் அவளைப் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை நான் சொன்னால் உனக்கு உறைக்காது. உனக்கு உறைப்பதைச் சொல்கிறேன். ஜெர்கிஸ் மாமாவின் பள்ளத்தாக்குக்குப் போனேன், எந்தத் தொழுவத்திலும் கால் வைக்காமல். அங்கிருக்கும் கால்நடை மருத்துவர் என்ன சொன்னார் தெரியுமா? "பிப்ரவரியிலயே அவரு தொழுவத்துல குட்டிங்க கொத்துக் கொத்தா செத்துச்சும்மா. எல்லைச் சந்தைல மலிவா வாங்கினது. நோய்னு நான் எச்சரிச்சேன். நிக்கறத மட்டும் பொறுக்கி எங்கயோ தள்ளிட்டாரு. நல்ல விலைக்குப் போச்சுன்னு டீக்கடைல மீச முறுக்கினாரு."

அந்த நல்ல விலை நம் ஷிலேர், அண்ணா. சாகப்போகும் ஆட்டைக் கொடுத்து அவளை வாங்கியிருக்கிறார். தெரிந்தே.

அறிக்கையில் அவர் பெயரையும் உன் பெயரையும் எழுதிவிட்டேன். கிழக்குப் பள்ளத்தாக்கு ஏற்கெனவே கெட்டுப்போனது. ஊசிகளை மேற்கே கொண்டுபோகிறேன். உன்னிடம் ஓடி வர வேண்டும்போல இருக்கிறது. ஆனால் உன் தொழுவத்தில் கால் வைத்தால் பிறகு நல்ல மந்தை எதையும் நான் தொட முடியாது. உன் நோயை நானே சுமந்துபோய் மேற்கில் இறக்குவேன். அதனால் கடிதம்தான் வருகிறது.

கல்லைக் கவிழ்.

குலிசார்


கானி ஷீன்,
மே 26

குலிசாருக்கு,

சலாம். (மறுபடியும் பக்ர். கடைசிக் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்வதாக இல்லை. மிட்டாயை ஆற்றில் போட்டுவிட்டேன்.)

கல்யாணத் தேதி பேச ஜெர்கிஸ் வந்தார். பள்ளிவாசல் முற்றத்தில் ஊர் உட்கார்ந்திருந்தது. டீ வந்தது. நான் கேட்டேன்:

"மாமா, நீங்க குடுத்த ஆடு இருமுச்சா இல்லையா?"

"மலக்காத்துல எந்த ஆடுடா இருமாது, மாப்ள?"

"பிப்ரவரில உங்க தொழுவத்துல எத்தன குட்டியப் பொதைச்சீங்க?"

சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்குவதை நிறுத்தவே இல்லை. அப்போது ஒரு கிழவர் எழுந்தார். "நோயாட்டக் குடுத்துப் பொண்ணு கேட்டியா? எங்க பொண்ணு என்ன, செத்த ஆட்டுத் தோலா?" பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் நிச்சய மோதிரத்தை அவருடைய டீ கிளாஸிலேயே போட்டு அவர் பக்கம் தள்ளினேன். குடிக்காமல் போனார்.

நிச்சயம் முறிந்தது. வெள்ளை ஆட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. கறுப்பிலும் அதிகமில்லை. மேல் மேய்ச்சல் இந்தக் கோடைக்கு மூடல் என்று காவலர்கள் வந்து சொன்னார்கள். ஊர் ஆடுகள் எல்லாம் கீழே முள்ளைத் தின்கின்றன, என் பெயரைச் சொல்லி.

கல்லைக் கவிழ்த்துவிட்டோம். ஓர் ஆளால் முடியவில்லை. கீழ்ப்பக்கம் வெறும் மண், புழு. நேற்று மாலையும் இரண்டு வரையாடுகள் வந்து கவிழ்ந்த கல்லைச் சுற்றி நின்றன. விரட்டினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக வரையாட்டின் மேல் கல்லெறிந்தேன்.

நீ சொன்னதெல்லாம் நடந்தது. இனி எனக்குக் கடிதம் போடாதே.

தஹ்சீன்


மேற்குப் பள்ளத்தாக்கு முகாம்,
ஜூன் 12

என் கண்ணே ஷிலேர்,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். பக்ரிடம் உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? அண்ணி உன்னிடம் பேசுகிறாளா?

இங்கே ஊசி போட்டு முடித்துவிட்டோம். மேற்கில் ஓர் ஆடுகூட இருமவில்லை. ஒரு பெரிய மந்தைக்காரர் எங்களை விடவே இல்லை, ரொட்டியும் தயிருமாகக் கொண்டுவந்து, "நீங்க எந்த ஊர்ப் பொண்ணும்மா? யாரு வீடு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்ததால் எல்லாம் சொன்னேன்.

நிச்சயம் முறிந்தது கேட்டு அழுதேன், சந்தோஷத்தில். பிறகு கோபம் வந்தது. உன்னைக் கொடுத்ததற்காக அந்த முற்றத்தில் யாரும் எழுந்து நிற்கவில்லை. நோயாட்டைக் கொடுத்ததற்காக ஊரே எழுந்து நின்றது. வரையாடுகள் செத்துச் செத்து மலை காலியானதால் நீ தப்பினாய். இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் பள்ளி. அதற்கு முன்பே வர முடிந்தால் வா. நான் திரும்பியதும் உன் படுக்கையைப் போட்டு வைக்கிறேன். அண்ணன் என்ன சொல்கிறான்? அவன் சொல்வதை வேண்டாம், நீ சொல்வதை எழுது.

உன் இரண்டு கையிலும் முத்தம்,
அக்கா


கானி ஷீன்,
ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். அண்ணி பேசுகிறாள், முட்டிவலியைப் பற்றி மட்டும். அண்ணன் மெலிந்துவிட்டான்.

நேற்று அண்ணனே பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "அக்காவுக்கு எழுது" என்றான். "என்ன எழுதட்டும்?" என்றேன். "ஒனக்குத் தோணினத எழுது." இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ரொம்ப நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் இது. அந்த நூல் தவறி வந்ததல்ல. நீங்கள் அதைப் பற்றி எழுதியிருந்த வரியையும் நான்தான் அண்ணனுக்குப் படித்தேன். விட்டிருக்கலாம். அவனுக்குத் தெரிந்திருக்காது. ஒரு வரியும் விடாதே என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். விடாமல், நிறுத்தாமல், உரக்கப் படித்தேன். நீங்கள் வருந்த வேண்டாம்.

அப்புறம், மேலே மூன்று வரையாட்டுக் குட்டிகளைப் பார்த்தேன். தாய்கள் இல்லை. ஆனால் துள்ளுகின்றன.

அண்ணன் கெட்டவன் இல்லை, அக்கா. என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஒருநாள் வாதுமைப்பருப்பு வாங்கிவந்தான். பள்ளியைப் பற்றிக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றான். இந்த முறை நன்றாக விசாரித்துத்தான் செய்வானாம். எதை என்று அவன் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை மேற்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெரிய மந்தைக்காரராம். நம் வீட்டு விலாசம் அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள். வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தபடி அண்ணனிடம் சொன்னார்: "நீ பயப்படவே வேணாம்ப்பா. என் மந்தைல ஒவ்வொண்ணுக்கும் உங்க வீட்டு டாக்டரம்மா கையாலயே ஊசி போட்டாச்சு. கேட்டுப் பாரு."

மேய்ச்சல் திறந்ததும் பால்விலை ஆடுகளை ஓட்டி வருவார்களாம்.

அக்கா, அந்த ஆடுகள் இருமாது. சீக்கிரம் வாருங்கள்.

ஷிலேர்